வீடியோவில் நிபுணர், கையில் கிளினிக் கொப்பி

கொழும்பிலிருக்கும் நிபுணரிடம் திருகோணமலையில் வீட்டிலிருந்தபடியே வீடியோவில் காட்டினால், அந்தக் காசை அரசாங்க உத்தியோகத்தருக்கான அக்ரஹாரக் காப்புறுதியில் எடுக்கலாமா? என்னோடு வேலை செய்பவர்கள், அவர்களுடைய அக்கா தங்கச்சிமார், பத்திரகாளி அம்மன் கோயிலடியில் காண்பவர்கள் என்று பலபேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். கணவருக்குப் பார்க்கின்சன் நோய், நான் அரசாங்க உத்தியோகத்தர். அதனால்தான் என்னிடம் வருகிறார்கள். எடுத்தவுடனே பதிலைச் சொல்லிவிடுகிறேன்: வீடியோ பில்லை மட்டும் வைத்து எங்களுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பில் பெரிய விஷயமில்லை. அந்த நிபுணர் சொன்னது உங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பிக்குள் எப்படி வந்து சேரும் என்பதைப் பாருங்கள். காசு மிச்சப்படுவது அங்கேதான்.

இவருக்கு நோய் இருப்பது தெரிந்ததே ஒரு செக்கால்தான். கையெழுத்து ஒத்துவரவில்லை என்று வங்கியில் திருப்பிவிட்டார்கள். பழைய கையெழுத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே எழுத்துகள்தான், ஆனால் போகப்போகச் சிறுத்து, கடைசி எழுத்து ஒரு புள்ளி அளவுக்கு வந்திருந்தது. அதற்குப் பிறகுதான் நடக்கும்போது வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டியே இருப்பதும் என் கண்ணில் பட்டது. நடுக்கம் பிறகுதான் வந்தது. பெரியாஸ்பத்திரியில் மெடிக்கல் கிளினிக்கின் பிசிஷன் பார்த்து, மருந்தையும் தொடங்கி, ஒரு நரம்பியல் நிபுணரிடம் ஒருமுறையாவது காட்டிவிடுங்கள் என்று கடிதம் தந்தார். அந்த நேரம் எங்களுக்குக் கொழும்புதான் வாய்த்தது. இரவு ரயிலில் போய், விடியக் கோட்டையில் இறங்கி, சனல் பண்ணி, அதாவது தனியாரில் காசு கட்டி, காட்டிவிட்டு வந்தோம்.

அடுத்த தவணை 2022இல் வந்தது. அந்த வருடத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பெற்றோல் ஷெட்டில் நாள்கணக்கில் வரிசை, பிறகு கியூஆர் கோட்டா, பஸ் ஓடினால் ஓடும், மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. திருகோணமலையிலிருந்து கொழும்பு 260 கிலோமீற்றர் அளவில் வரும். நடக்கும்போது கால் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிற ஒரு மனிதரைக் கொண்டு அந்த நேரம் எப்படிப் போவது? அதே நிபுணர் வீடியோவிலும் பார்க்கிறார் என்று மகள் போனில் தேடிக் கண்டுபிடித்தாள். ஒடொக், டொக்990 என்று இந்த வேலைக்கான செயலிகள் இங்கே கோவிட்டுக்கு முன்னமே இருந்தவை. எங்கள் பக்கத்துச் சனம் அவற்றைத் திரும்பிப் பார்த்தது ஊரடங்குக்குப் பிறகுதான்.

முதலில் நேரே காட்டியிருந்தது எவ்வளவு நல்லது என்று வீடியோவில் உட்கார்ந்தபோது விளங்கியது. பார்க்கின்சனில் டொக்டர் பார்க்கும் முக்கியமான விஷயங்களில் ஒன்று தசை விறைப்பு. அவர் தன் கையால் நோயாளியின் கையை மடக்கி நீட்டிப் பார்த்தால்தான் அது தெரியும். பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுத்து, விழாமல் சமாளிக்கிறாரா என்று பார்ப்பதும் அப்படித்தான். இரண்டையும் கமெராவுக்கு முன்னால் செய்ய முடியாது. நடுக்கம், நடை, விரல் தட்டும் வேகம், முகபாவம், பேச்சு இவையெல்லாம் வீடியோவில் நன்றாகத் தெரியும். அதனால் தெரிந்த நோயாளியை இடையிடையே பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைக்க வீடியோ போதும். இன்ன நோய் என்று முதன்முதலாகத் தீர்மானிக்க அதை நம்பக் கூடாது. யாராவது என்னிடம் "அலையத் தேவையில்லைதானே, முதலே வீடியோவில் காட்டுவமே" என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

வீடியோவுக்கு ஆயத்தம் செய்வது ஒரு தனி வேலை. எங்கள் வீட்டு விறாந்தை நீளம். போனை ஒரு கதிரையில் ரைஸ் குக்கருக்குச் சாய்த்து, படுக்கைவாட்டில் வைத்து, அவர் அந்தத் தொங்கலிலிருந்து வந்து திரும்பிப் போகிற மாதிரிச் செய்தோம். டொக்டர் கவனிப்பது திரும்பும் இடத்தைத்தான். எத்தனை சின்ன அடி வைத்துத் திரும்புகிறார் என்று எண்ணுகிறார். சாரத்தோடு நடந்தால் காலடி தெரியாது. அரைக் காற்சட்டை போட வைக்க நான் பட்ட பாடு பெரிய பாடு. "டொக்டருக்கு முன்னால இதோடயா?" என்று ஒரே பிடிவாதம். வெளிச்சம் அவருடைய முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். யன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கறுப்பாகத்தான் தெரியும். இந்த நோயில் குரலும் சன்னமாகிவிடும். போனின் ஸ்பீக்கரில் பேசினால் டொக்டருக்கு ஒன்றும் கேட்காது, நாங்கள் குறுக்கே விழுந்து பதில் சொல்லுவோம், கடைசியில் நோயாளியை விட்டுவிட்டு நாங்கள்தான் பேசிக்கொண்டிருப்போம். மைக் உள்ள ஒரு மலிவான இயர்போன் அந்தக் கரைச்சலைத் தீர்த்தது.

மருந்து எடுத்து எவ்வளவு நேரத்துக்குப் பிறகு டொக்டர் பார்க்கிறார் என்பதும் முக்கியம். பார்க்கின்சனுக்கான மருந்து லெவோடோபா வேலை செய்யும் நேரம் மனிதர் நன்றாக நடப்பார், அது இறங்கினதும் விறைத்துவிடுவார். வீடியோத் தவணை நல்ல நேரத்தில் விழுந்தால் டொக்டருக்கு எல்லாம் நல்லதாகவே தெரியும். ஆகவே காலையில் மருந்துக்கு முன் ஒன்று, மருந்து எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குப் பின் ஒன்று, பின்னேரம் இறங்கும்போது ஒன்று என்று சின்னச் சின்ன வீடியோக்களை மகள் எடுத்து வைப்பாள். டொக்டர் வருவதற்கு முன்பே அவற்றை அனுப்பிவிடுவோம். நேரில் போனாலும் இதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் வீடியோவில் காட்டும்போதுதான் எங்களுக்கு இந்தப் புத்தி வந்தது.

ஒருமுறை வீடியோ உண்மையிலேயே கைகொடுத்தது. இவருக்கு வயிற்றுக் கோளாறு, வாந்தி. ஒரு தனியார் டிஸ்பென்சரியில் வாந்திக்குக் குளிசை தந்தார்கள். இரண்டு மூன்று நாளில் மனிதர் கட்டிலைவிட்டு எழும்ப முடியாமல் விறைத்துப்போனார். நோய் முற்றிவிட்டது என்று நான் அழுதுகொண்டிருந்தேன். நிபுணர் திரையில் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "புதிதாக என்ன மருந்து கொடுத்தீர்கள்?" வீட்டிலிருந்த பைக்கற் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கமெராவுக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னார். வாந்திக் குளிசையில் மெட்டோகுளோப்பிரமைட் என்று இருந்தது. நிறுத்துங்கள் என்றார். அந்த மருந்து மூளையில் டோபமினைத் தடுப்பது. பார்க்கின்சன்காரருக்குக் குறைவாக இருப்பதே அந்த டோபமின்தான். வாந்தி வந்தால் டொம்பெரிடோனைப் பற்றி டொக்டரிடம் கேட்கலாம், அதுவும் இதயத்தில் பிரச்சினை இருந்தால் யோசித்துத்தான் கொடுப்பார்கள் என்று விளங்கப்படுத்தினார். நாங்களாக லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, அது ஆபத்து என்பதையும் அன்றுதான் அழுத்திச் சொன்னார். இப்போது "பார்க்கின்சன் - மெட்டோகுளோப்பிரமைட், புறோகுளோர்பெரசின் கொடுக்க வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் ஒரு மட்டையில் எழுதி, அவருடைய அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறோம்.

சரி, காசுக்கு வருகிறேன்.

நிபுணருக்கான கட்டணம், செயலிக்கான சேவைக் கட்டணம், மருந்துத் துண்டுக்கான ஏதோ ஒன்று என்று எல்லாம் கூட்டினால் ஒரு தடவைக்கு நாலாயிரம் ரூபாய்க்குக் கிட்ட வந்தது. கொழும்புக்குப் போய் வரும் செலவோடு பார்த்தால் குறைவுதான். ஆனால் மருந்து? நிபுணர் எழுதியதைத் தனியார் பார்மசியில் மாதாமாதம் வாங்கினால் அதுதான் ஆளை விழுத்தும் செலவு. லெவோடோபா சேர்ந்த குளிசை ஆயுள் முழுக்க எடுப்பது. நாள் போகப்போக அளவும் கூடும்.

அரசாங்கக் கிளினிக்கில் அதே மருந்து, இருப்பு இருந்தால், சும்மா கிடைக்கிறது. எங்கள் அம்மா ஓபிடிக்கு, அதாவது வெளிநோயாளர் பிரிவுக்கு, 25 சதம் கட்டின காலத்தைப் பற்றிச் சொல்லுவார். 1971இல் கொண்டுவந்து 1977இல் எடுத்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டருக்கோ மருந்துக்கோ நாங்கள் கட்டுவதில்லை. ஆனால் அந்த இலவசம் கிளினிக் கொப்பியில் எழுதியதற்குத்தான். தனியார் செயலியில் வந்த பிடிஎஃப்பை ஆஸ்பத்திரி மருந்து யன்னலில் நீட்டினால் மருந்து தரமாட்டார்கள், தரவும் கூடாது.

ஆகவே நாங்கள் பிடித்த வழி இது. வீடியோ முடிந்ததும் மருந்துத் துண்டோடு நிற்காமல், "கிளினிக்கில் பார்க்கும் டொக்டருக்கு ஒரு கடிதம் தாருங்கள்" என்று நிபுணரிடம் கேட்போம். இதை டொக்டர் திரையில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். பிறகு செயலியின் உதவி இலக்கத்துக்கு எடுத்தால், யாரோ ஒரு பிள்ளை "சொல்லுறோம்" என்று சொல்லுவாள், அவ்வளவுதான். கடிதத்தில் மூன்று வரி போதும்: என்ன கண்டார், எந்த மருந்தை எவ்வளவுக்கு மாற்றினார், எப்போது திரும்பப் பார்க்க வேண்டும். அதை அச்செடுத்து, கிளினிக் நாளில் கொப்பிக்குள் வைத்துப் பிசிஷனிடம் கொடுப்போம். அவர் வாசித்து, தனக்குச் சரியென்று பட்டால் கொப்பியில் எழுதுவார். எழுதியதும் அது அரசாங்க மருந்தாகிவிடும்.

கொடுக்கும் விதத்திலும் ஒன்று இருக்கிறது. "கொழும்பு டொக்டர் இப்பிடித்தான் போடச் சொன்னவர்" என்று ஆரம்பித்தால் எந்த டொக்டருக்கும் முகம் சுருங்கும். நான் அவருடைய இடத்தில் இருந்தால் எனக்கும் சுருங்கும். ஒரு காலை முழுக்க வரிசையில் நூற்றுக்கணக்கான ஆட்களைப் பார்க்கிறவர் அவர். "டொக்டர், இதை ஒருக்காப் பாருங்கோ" என்று கடிதத்தை வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். ஒருமுறை அவர் அளவைக் கூட்டாமல் விட்டார். இரத்த அழுத்தம் எழும்பி நிற்கும்போது இறங்குகிறது, இப்போதைக்கு வேண்டாம் என்றார். திரையில் பார்த்தவருக்கு இரத்த அழுத்தம் தெரியாது, பிசிஷனுக்குத் தெரியும். பிசிஷன் சொன்னதுதான் சரி என்று நிபுணரும் பிறகு ஒத்துக்கொண்டார்.

எல்லா மருந்தையும் இப்படி எடுத்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். இவர் இரவில் கனவு கண்டு கத்தி, கையை வீசி எனக்கு அடித்துவிடுவார். அதுவும் இந்த நோயோடு வருவது. அதற்கு நிபுணர் குளோனசிபாம் எழுதினார். பார்மசியில் தம்பி போன் திரையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "அக்கா, மற்றதெல்லாம் தரலாம். இதைப் படத்தைப் பாத்துத் தர ஏலாது, ஒரிஜினல் துண்டு வேணும்." எனக்குக் கோபம் வரவில்லை. கட்டுப்பாட்டிலுள்ள மருந்து அது, கண்டபடி கொடுக்கிறவரிடம்தான் நான் பயப்பட வேண்டும். கிளினிக்கிலேயே கேட்டு எழுதுவித்தோம். வீடியோவில் நிபுணரைப் பார்ப்பவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுவைத்தால் நல்லது: "டொக்டர், இது படத்துக்குத் தருவார்களா, இல்லையென்றால் என்ன செய்வது?" நித்திரைக்கும் பதற்றத்துக்கும் கடும் நோவுக்கும் தரும் மருந்துகளில்தான் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வரும்.

அக்ரஹாரவுக்கு வருவோம். 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் நடத்துகிற காப்புறுதி அது. சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுகிறார்கள். கூடுதலாகக் கட்டினால் வெள்ளி, தங்கம் என்று மேல் பிரிவுகளும் இருக்கின்றன. எங்கள் அலுவலகத்தில் அந்த விடயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் வீடியோ பில்லைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "மிஸ், வார்ட்டில நிண்டாத்தான் அக்ரஹார. சனல் பண்ணின பில், போனில கதைச்ச பில் எல்லாம் இதுக்குள்ள வராது" என்றார். இது ஒன்றும் வீடியோவுக்கென்று தனியாக வைத்த தடையல்ல. நேரே போய்ச் சனல் பண்ணியிருந்தாலும் அவர் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். இந்தக் காப்புறுதியின் கண் கட்டிலில்தான் இருக்கிறது, டொக்டரின் கதிரையில் இல்லை. பார்க்கின்சன், சலரோகம், மூட்டுவாதம் மாதிரி வருடக்கணக்கில் கிளினிக்கில் ஓடும் நோய்களுக்கு இதனால் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. என் அபிப்பிராயத்தில் இது மாற வேண்டிய விஷயம். வார்ட்டுக்குப் போகாமல் தடுக்கிற செலவை ஒதுக்கிவிட்டு, போன பிறகு வருகிற செலவைக் கொடுப்பதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்காக அக்ரஹாரவை மறந்துவிடவும் கூடாது. இவர் ஒருமுறை குளியலறையில் விழுந்து சில நாள் வார்ட்டில் இருக்க நேர்ந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சும்மா இருந்துவிட்டு வந்தோம், இதற்கு என்ன கேட்பது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் தங்கிய நாளுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கேட்கலாம். அதற்கு டயக்னோசிஸ் காட், அதாவது என்ன நோயென்று எழுதி வார்ட்டில் தரும் அட்டை, வேண்டும். வீட்டுக்கு விடும் நாளில் அதை வாங்கி, பெயர் சரியா, அனுமதித்த திகதியும் விட்ட திகதியும் தெளிவாக இருக்கின்றனவா என்று வார்ட்டிலேயே நின்று பாருங்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், கொப்பியில் இன்னொரு பெயர் என்று எங்கள் ஆட்களுக்கு எப்போதும் இருக்கும் சிக்கல் இங்கேயும் வரும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுகிறவரின் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் எழுதுவார். பிறகு திருத்தப் போனால் ஒரு நாள் லீவு போய்விடும். கோரிக்கைப் படிவத்தில் திணைக்களத் தலைவர் கையொப்பமிட வேண்டும், கொடுக்கக் கால எல்லையும் இருக்கிறது. அதனால் அந்தக் கிழமையே கொடுத்துவிடுவது நல்லது. கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிபுணரின் வீடியோக் கடிதங்களும் அதே கோவைக்குள் இருக்கட்டும். அவற்றுக்குக் காசு வராது, ஆனால் திடீரென்று வார்ட்டில் அனுமதிக்கும்போது இரவில் இருக்கும் டொக்டருக்கு இந்த மனிதரின் கதை முழுக்க அந்தக் கோவையில்தான் இருக்கும்.

தங்கச்சி கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறாள். "அக்கா, இஞ்ச மாமிக்கு ஸ்பெஷலிஸ்ட் வீடியோவில பாக்கிறவர், ஒரு சதம் கட்டுறேல்ல" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். ஒன்ராறியோ மாகாணத்து ஓஹிப் காப்புறுதி அது. குடும்ப டொக்டர் அனுப்பிய நோயாளியை நிபுணர் வீடியோவில் பார்த்தால் கட்டணத்தை மாகாணமே கொடுக்கிறது. 2022 டிசம்பரிலிருந்து ஒரு வேறுபாடும் வைத்திருக்கிறார்கள்: ஏற்கனவே தொடர்புள்ள நோயாளியை வீடியோவில் பார்த்தால் டொக்டருக்கு நேரே பார்த்த மாதிரியே காசு, முன்பின் தெரியாத ஒருவரைத் திரையில் மட்டும் பார்த்தால் மிகக் குறைவு. நிபுணருக்குக் குடும்ப டொக்டரின் கடிதம் இருந்தால் அது தொடர்பாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆஸ்திரேலியாவின் மெடிகேரிலும் குடும்ப டொக்டருக்கு ஏறக்குறைய இதே நிபந்தனைதான். பொதுவாகப் போன பன்னிரண்டு மாதத்துக்குள் ஒருமுறையாவது அந்த டொக்டரிடமோ அவருடைய கிளினிக்கிலோ நேரே காட்டியிருக்க வேண்டும். பணக்கார நாடுகளும் திரையை நேரடித் தொடர்போடு கட்டித்தான் வைத்திருக்கின்றன என்று கேட்டபோது, நாங்கள் முதலில் ரயிலேறிப் போனது வீண் இல்லை என்று பட்டது.

அந்த மாமி கோணேசர் கோயில் திருவிழாவுக்கு இங்கே வந்து நின்றபோது, தன் தவணை நாளில் எங்கள் வீட்டு விறாந்தையிலிருந்து அதே நிபுணரை வீடியோவில் எடுத்துவிடலாம் என்று தங்கச்சி நினைத்திருந்தாள். நடக்கவில்லை. நோயாளி மாகாணத்துக்குள் இருக்க வேண்டும் என்றுவிட்டார்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர் இங்கே வந்து மாதக்கணக்கில் நிற்பதாக இருந்தால், தவணையை முன்னுக்கோ பின்னுக்கோ மாற்றிவிட்டு, மருந்தைக் கையோடு கொண்டுவருவதுதான் வழி. திரைக்கு எல்லை இல்லை, காப்புறுதிக்கு இருக்கிறது. இதன் மறுபக்கமும் உண்டு. பெற்றோரைக் கனடாவுக்கு சூப்பர் விசாவில் கூப்பிடுகிறவர்கள் ஒரு வருடத்துக்குக் குறைந்தது ஒரு லட்சம் டொலருக்குத் தனியார் மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். ஓஹிப் அவர்களுக்கு இல்லை. ஏற்கனவே இருக்கிற நோயை அந்தக் காப்புறுதி ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் யாரும் விமானம் ஏறக் கூடாது.

திருச்சியில் இருக்கும் இவருடைய பெரியம்மா மகன் இந்தியாவின் இ-சஞ்சீவனியைப் பற்றிச் சொல்லுவார். 2020 ஊரடங்கு நேரத்தில் வீட்டிலிருந்தே டொக்டரோடு பேச அரசாங்கம் திறந்துவிட்ட சேவை அது, கட்டணம் இல்லை. ஆனால் அங்கேயும் பிரதமர் பெயரிலும் முதலமைச்சர் பெயரிலும் இருக்கும் பெரிய அரசாங்கக் காப்புறுதிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பேசும். அக்ரஹார மாதிரியேதான். தனியார் காப்புறுதிகளைப் பொறுத்தவரை, டொக்டர் ஆலோசனையை ஏற்கும் பொலிசி என்றால் தொலைவழி ஆலோசனையையும் ஏற்க வேண்டும் என்று அங்கத்தைய காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஜூனில் சொல்லிவிட்டது. இங்கே தனியார் காப்புறுதி வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் இதற்குள்ளேயே இருக்கிறது. "வீடியோவுக்குத் தருவீர்களா?" என்று தொடங்க வேண்டாம். "வெளிநோயாளர் ஆலோசனை என் பொலிசியில் உண்டா? உண்டென்றால் திரையில் பார்த்ததும் அதற்குள் வருமா? பில்லில் என்ன எழுதியிருக்க வேண்டும்?" என்று அந்த ஒழுங்கில் கேளுங்கள். பில்லில் டொக்டரின் பெயர், மருத்துவ சபைப் பதிவு இலக்கம், நோயாளியின் பெயர், திகதி இவ்வளவும் இருக்க வேண்டும். நாங்கள் பாவித்த ஒரு செயலி காசு கட்டியதற்கு வெறும் குறுஞ்செய்திதான் அனுப்பியது. கேட்டுக் கேட்டுத்தான் பில் எடுத்தோம்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது, ஒரு சதமும் செலவில்லாமல் நடந்த ஒன்று. 2022க்குப் பிறகு எத்தனையோ நிபுணர்கள் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் வழக்கமாக வீடியோவில் பார்த்தவரும் ஒரு கட்டத்தில் கிடைக்கவில்லை. இவருக்கோ, இல்லாத ஆட்கள் முற்றத்தில் நிற்பதாகத் தெரியத் தொடங்கியிருந்தது. கிளினிக்கில் பிசிஷனிடம் சொன்னேன். அவர் மேசையிலிருந்து தன் போனை எடுத்தார், கொழும்பில் தனக்குத் தெரிந்த நரம்பியல் நிபுணர் ஒருவருக்கு அழைத்தார், எனக்கு முன்னாலேயே ஆங்கிலத்தில் ஐந்தாறு நிமிடம் கதைத்தார், கொப்பியின் இரண்டு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். பிறகு ஒரு குளிசையைக் குறைத்து எழுதினார். பில் இல்லை, செயலி இல்லை, தவணையும் இல்லை. அடுத்த கிளினிக்குக்குள் முற்றத்தில் நின்ற ஆட்கள் போய்விட்டார்கள்.

இந்த நாட்டில் தூரத்து நிபுண ஆலோசனை எவ்வளவோ இப்படித்தான் டொக்டர்மாரின் சொந்தப் போனில், சொந்த டேட்டாவில், பழக்கத்துக்காக நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்ராறியோவில் இதையே இ-கன்சல்ட் என்று முறைப்படுத்தியிருக்கிறார்கள். குடும்ப டொக்டர் கேள்வியை எழுதி அனுப்ப, நிபுணர் பதில் எழுதுகிறார், இரண்டு பேருக்கும் மாகாணம் காசு கொடுக்கிறது. ஒட்டாவாவில் 2010இல் தொடங்கியதாம். பல நோயாளிகளுக்கு நிபுணரைக் காணவே தேவையிருக்காது, அவருடைய பதில் போதும். அரசாங்கம் தூர மருத்துவத்துக்குக் காசு போடுவதென்றால் இங்கே போட வேண்டும் என்பேன். நோயாளிக்குச் செயலி வாங்கிக் கொடுக்க வேண்டாம். மூதூரிலும் புல்மோட்டையிலும் இருக்கும் டொக்டர் கொழும்பிடம் கேட்க ஒரு முறையான வழியும், அந்தப் பதில் கொப்பியில் ஏற ஒரு இடமும் இருந்தால் போதும். செய்ய முடியாத வேலை இல்லை இது. 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபால்காரர் வீட்டு வாசலில் கொண்டுவந்து தந்தவர்தானே.

அதுவரை நோயாளியின் பக்கத்திலிருந்து கேட்கக்கூடியது ஒரு வசனம்தான்: "டொக்டர், கொழும்புக்குப் போகாமல் நீங்களே அவரிடம் கேட்க முடியுமா?" மரியாதையாக, கூட்டம் குறைந்த நேரம் பார்த்துக் கேட்டால் பலர் செய்கிறார்கள். கேட்காவிட்டால் கடிதம் எழுதிக் கையில் தந்துவிடுவார்கள், ஏனென்றால் அதுதான் வழமை.

வீடியோவுக்கு உட்காரக் கூடாத நேரங்களும் உண்டு. விழுந்து தலையில் அடிபட்டால், திடீரென்று ஒரு பக்கம் செயலிழந்தால், காய்ச்சலோடு உடம்பு இறுகி மயங்கினால் செயலியைத் திறக்க வேண்டாம், 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்கும் காசு இல்லை.

எனக்கு ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான். அதன் பிறகு அக்ரஹார என்னவாகும் என்பதுதான் இப்போது எங்கள் அலுவலகத்தில் என் வயதுக்காரர் எல்லாருடைய கேள்வியும். ஓய்வூதியருக்கென்று தனி அக்ரஹார இருக்கிறது, ஆனால் வேலையில் இருக்கும்போது கிடைப்பதும் அதில் கிடைப்பதும் ஒன்றல்ல. கணவன் அல்லது மனைவிக்கு எவ்வளவு, எந்த வயது வரை, எந்த நோய்க்கு என்பதை ஓய்வுக் கோவை போவதற்கு முன்னமே பிரதேச செயலகத்தில் ஓய்வூதியப் பகுதியிலும், தங்கள் அலுவலகத்திலும் கேட்டு, சுற்றறிக்கையின் பிரதி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதை ஆறு மாதத்துக்குப் பிறகு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் போன கிழமை கேட்டேன், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.